உதவித்தொகையில் வாழும்போது கிரெடிட் கார்டு கடன்: மதுரைப் பக்கத்து மாற்றுத்திறனாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை கலெக்டர் ஆபீஸை ஒட்டி மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. மூன்று சக்கர ஸ்கூட்டரில்தான் போக்குவரத்து. முன்பெல்லாம் என்னிடம் வரும் மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை, ஸ்கூட்டர், வீட்டுமனைப் பட்டா என்றுதான் மனு கேட்பார்கள். இப்போது எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஒரு கார்டு பில்லை எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கும் அப்படி ஒரு பில் இருந்தது. டி.டி.பி. கடை வைத்திருந்தபோது பிரிண்டருக்காகத் தேய்த்த கார்டு. கடை படுத்ததும் பாக்கி 38,000 ரூபாயில் வந்து நின்றது. அதிலிருந்து வெளியே வந்த வழியையும், திங்கட்கிழமைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, மாசம் 1,500 ரூபாய் உதவித்தொகை வருது. கார்டு பாக்கி 60,000. எப்படிக் கட்டுறது?

அந்த 1,500-ஐ வைத்துக் கட்ட முடியாது. கணக்கைப் பாருங்கள். பல கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதம் அல்லது அதற்கும் மேல். 60,000-க்கு ஒரு மாத வட்டி 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 378 ரூபாய். ஆக 2,478. உங்கள் உதவித்தொகை முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் வட்டியே அடையாது. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு வரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் போதாது.

'மினிமம் மட்டும் கட்டுங்க, போதும்' என்று போனில் சொல்வார்கள். பில்லில் கட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகைதான் மினிமம். அது பாக்கியில் 5 சதவீதம் என்றால் 3,000 ரூபாய். அதில் 2,478 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் குறைவது 522 ரூபாய். அந்த 3,000-க்காகப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கட்டியவர்களையும் தெரியும்.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: உதவித்தொகை உங்கள் அரிசிக்கும் மருந்துக்கும் உள்ளது. அதைத் தொடாதீர்கள். கார்டுக்காரருக்குக் கொடுக்க வேறு வழியில் எவ்வளவு வருகிறது, வருமா வராதா என்பதைத் தனியாகக் கணக்குப் போடுங்கள். வராது என்றால், வராது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இன்னொன்று. இன்றைக்கே அந்தக் கார்டில் செலவு செய்வதை நிறுத்துங்கள். பாக்கி இருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்களே கிடையாது. தேய்த்த அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும்.

இவ்வளவு வட்டி வாங்கலாமா? 30 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சொல்றாங்களே?

2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படிச் சொன்னது உண்மை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இப்போது அந்த உச்சவரம்பு இல்லை. அதை நம்பி வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கார்டு விதிகளில் நமக்குப் பயன்படும் சில விஷயங்கள் உண்டு. கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அதையும் கட்டாமல் நிற்கும் தொகைக்குத்தான் போட வேண்டும், மொத்த பில்லுக்கும் போடக் கூடாது. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. பழைய ஸ்டேட்மென்ட்களை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். தப்பு இருந்தால் அதைக் காட்டியே பேச்சைத் தொடங்கலாம்.

என் உதவித்தொகையை பேங்க்காரங்க எடுத்துக்குவாங்களா?

ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, கோர்ட் வழியாக ஜப்தி. 1871-ஆம் வருடத்து ஓய்வூதியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 11-ஆவது பிரிவு, உடல் இயலாமைக்காகவோ கருணை அடிப்படையிலோ அரசு கொடுக்கும் பென்ஷனை, கடன் கொடுத்தவர் கேட்டார் என்பதற்காக எந்தக் கோர்ட்டும் ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் வரும் ஊனப் பலனுக்கு இ.எஸ்.ஐ. சட்டத்திலேயே தனிப் பாதுகாப்பு உண்டு. ஓய்வூதியப் பணம் கைக்கு வந்து சேர்ந்த பிறகும் அதன் தன்மை மாறுவதில்லை என்று, ஓய்வுபெற்ற ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வழக்கு வந்தால் வக்கீல் இவற்றைத்தான் எடுத்து வைப்பார்.

இரண்டாவதுதான் நடைமுறையில் ஆளைக் கடிப்பது. கார்டு கொடுத்த வங்கியிலேயே உங்கள் உதவித்தொகைக் கணக்கும் இருந்தால், கோர்ட்டுக்கெல்லாம் போகாமல் வங்கி அந்தக் கணக்கிலிருந்தே பாக்கிக்குப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். கார்டு வாங்கும்போது போட்ட கையெழுத்துகளில் அதற்கான சம்மதமும் பெரும்பாலும் இருக்கும். சோழவந்தான் பக்கமிருந்து வந்த ஒரு அண்ணனுக்கு, முதல் தேதி வாக்கில் பணம் ஏறும், ஏறியதுமே கணக்கில் ஏதுமிருக்காது. இரண்டு மாதம் அவர் பென்ஷனே வரவில்லை என்று நினைத்துத் தாலுகா ஆபீஸுக்கு அலைந்திருக்கிறார். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அதனால் கார்டு ஒரு வங்கி, உதவித்தொகை வேறு வங்கி என்று பிரித்துவிடுங்கள். தபால் ஆபீஸாக இருந்தாலும் நல்லது. உங்களால் நடக்க முடியாது என்றால் தபால்காரரே வீட்டுக்கு வந்து பணம் கொடுக்கும் வசதி இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் இருக்கிறது. வங்கியில்தான் தொடங்குவேன் என்றால் 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று 200, 300 பிடிக்க மாட்டார்கள். புது பாஸ்புக் நகலோடு கணக்கு மாற்றக் கோரி மனு கொடுக்க வேண்டும். வருவாய்த் துறை உதவித்தொகை என்றால் உங்கள் தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம். பராமரிப்பு உதவித்தொகை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். மனுவுக்கு ரசீது வாங்காமல் நகர வேண்டாம்.

பழைய கணக்கிலிருந்து கார்டுக்குத் தானாகப் பணம் பிடிக்கும் 'ஆட்டோ டெபிட்' போட்டிருந்தால் அதையும் எழுதிக் கொடுத்து ரத்து செய்யுங்கள்.

ஏற்கெனவே பிடிச்சுட்டாங்க. திரும்ப வாங்க முடியுமா?

கேட்டுப் பார்க்கலாம், கேட்கவும் வேண்டும். பிடித்த தொகை, தேதி, அது அரசு உதவித்தொகை என்பதற்கான என்ட்ரி மூன்றையும் காட்டி வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் போடலாம், சண்டிகரில் உள்ள அவர்களுடைய மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448. நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். முதலில் வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும்.

கட்டலைன்னா போலீஸ் வருமா? ஜெயில்ல போடுவாங்களா?

கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்ட முடியவில்லை என்பதற்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. வங்கி வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதற்குப் பிறகும் கட்டவில்லை என்றால்தான் சிவில் சிறை என்ற பேச்சே வரும். அதிலும், கையில் பணம் இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்டினால்தான் சிறை, வறுமையால் கட்ட முடியாதவரை உள்ளே தள்ளக் கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களைப் பணத் தீர்ப்புக்காகக் கைது செய்யவே சட்டத்தில் இடமில்லை.

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். வசூலுக்கு வருபவர் 'சும்மா ஒரு செக் குடுங்க, பேருக்குத்தான்' என்பார். கொடுக்காதீர்கள். செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்கு, இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் இ.சி.எஸ். மாதிரியான ஏற்பாடு பணமில்லாமல் திரும்பினாலும் அதே கதைதான். சிவில் கடனாக இருப்பதை நாமே கிரிமினலாக்கிக்கொள்ள வேண்டாம்.

வீட்டுல இருக்கிற சாமானைத் தூக்கிட்டுப் போவோம்னு மிரட்டுறாங்க.

கார்டு கடனுக்கு எந்தப் பொருளும் அடமானம் கிடையாது. கோர்ட் உத்தரவு இல்லாமல் ஒரு தட்டைக்கூட எடுக்க முடியாது. உத்தரவே வந்தாலும் உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் செய்பவரின் கருவிகள் ஆகியவற்றைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. செல்லூரில் ஒரு தங்கச்சி தையல் மெஷினைப் பக்கத்துத் தெருவில் ஒளித்து வைத்துவிட்டு, பத்து நாள் வேலை செய்யாமல் இருந்தாள். அப்படியெல்லாம் பயப்படத் தேவையில்லை.

வசூல் ஆட்களுக்கு ரிசர்வ் வங்கி போட்ட கட்டுப்பாடு 2022 ஆகஸ்டிலிருந்து தெளிவாக இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. அவர்கள் செய்வதற்கு வங்கிதான் பொறுப்பு.

வாசலில் ஆள் வந்து நின்றால், 'உங்க அடையாள அட்டையையும் பேங்க் குடுத்த கடிதத்தையும் காட்டுங்க' என்று கேளுங்கள். போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குள் விட வேண்டியதில்லை. கையில் காசு கொடுக்காதீர்கள். கொடுப்பதாக இருந்தால் கார்டு எண்ணுக்கு நேராகக் கட்டுங்கள். 'நொண்டி', 'குருடு' என்று உடம்பைச் சொல்லித் திட்டினால் விட்டுவிடாதீர்கள். பிறர் பார்க்க ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை சிறை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது அந்தப் பிரிவு எண்ணை எழுதுங்கள். நான் எழுதிக் கொடுத்த புகார்களில் அந்த எண்ணைப் பார்த்ததும் ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டதுண்டு.

வங்கிக்கு என்னன்னு எழுதுறது?

ஒரு பக்கம் போதும். நான் எழுதித் தருவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

'ஐயா, நான் 70 சதவீத ஊனமுற்றவன். அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன். எனக்கு வரும் ஒரே வருமானம் அரசின் மாத உதவித்தொகை 1,500 ரூபாய். இதிலிருந்து கார்டு பாக்கியைக் கட்ட இயலாத நிலையில் உள்ளேன். கார்டை இனிப் பயன்படுத்த முடியாதபடி நிறுத்தவும், இன்றைய தேதியிலிருந்து வட்டியும் தாமதக் கட்டணமும் போடாமல் இருக்கவும், அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய கணக்கைத் தரவும், என் நிலைக்கு ஏற்ற தீர்வைச் சொல்லவும் கேட்டுக்கொள்கிறேன். இனி எனக்கு எழுத்து மூலமே தொடர்புகொள்ளவும்.'

மின்னஞ்சலில் ஒன்று, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று. வட்டியை நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. ஆனால் பின்னால் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, இத்தனை மாதம் முன்பே சொல்லிவிட்டார் என்பதற்கு அந்தச் சான்றுதான் சாட்சி.

ஒரு முக்கியமான விஷயம். கடன் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் கெடு. அதற்குள் 'இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதினால் அந்த மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். இது தெரிந்துதான் எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் கடன் புதிதாக இருக்கும்போது ஒளிந்திருப்பதைவிடப் பேசுவது நல்லது. கடைசியாகக் கட்டி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் மட்டும் கடிதம் எழுதும் முன் வக்கீலைப் பாருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு ஏது?

காசு வேண்டாம். 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, மாற்றுத்திறனாளி என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்க்காரர்கள் அந்தந்தக் கோர்ட்டில் உள்ள வட்டக் குழுவையே பார்க்கலாம், இவ்வளவு தூரம் வர வேண்டாம். போன் எண் 15100. அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.

'செட்டில்மென்ட்'னு சொல்றாங்களே, நம்பலாமா?

நம்பலாம், கடிதம் கையில் இருந்தால். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 38,000 பாக்கி வட்டியோடு 50,000-ஐத் தாண்டியதும், 'இன்னைக்கே 40,000 கட்டுங்க, முடிச்சுடலாம்' என்று ஒரு பெண் போனில் சொன்னாள். என்னிடம் இல்லை. நாலு மாதம் கழித்து 30,000 என்றார்கள். அப்போதும் இல்லை. கடைசியில் லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு, அழைப்பு வந்தது. பயந்துகொண்டேதான் போனேன். அங்கே நீதிபதி என் அட்டையைப் பார்த்துவிட்டு வங்கிக்காரரிடம், 'இவங்ககிட்ட எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?' என்று கேட்டார். 21,000 ரூபாய், மூன்று தவணை என்று முடிந்தது. ஸ்கூட்டருக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த பழைய மொபெட்டை விற்றும், என் சித்தி கொடுத்ததை வைத்தும் கட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு ஏஜென்சியிலிருந்து அதே கடனுக்குப் போன் வந்தது. அந்த வங்கி தன் கணக்கில் சரியாகப் பதியாமல் விட்டிருக்கிறது. லோக் அதாலத் தீர்ப்பு நகலும், 'பாக்கி இல்லை' என்ற கடிதமும் பீரோவில் இருந்ததால் ஒரே தபாலில் முடிந்தது. இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

ஆகையால் வங்கியின் பெயர் போட்ட தாளில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அதோடு கடன் முழுவதும் முடிகிறது என்று எழுதி வாங்கிய பிறகே முதல் ரூபாயைக் கட்டுங்கள். லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்ட முடியாத தொகைக்குக் கூச்சப்பட்டுத் தலையாட்டி விடாதீர்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பல வருடம் நிற்கும், புதுக் கடன் கிடைப்பது சிரமம். உதவித்தொகையில் வாழும் நமக்கு அது பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. வங்கி 'ரைட் ஆஃப்' செய்துவிட்டது என்று யாராவது சொன்னால் கடன் தள்ளுபடி ஆனதாக நினைக்க வேண்டாம். அது அவர்கள் கணக்குப் புத்தகத்துச் சமாச்சாரம்.

கொஞ்சம் வருமானம் இருக்கு. தவணையா மாத்தலாமா?

பெட்டிக்கடை, தையல், ஜெராக்ஸ் என்று நிச்சயமான வரும்படி இருந்தால் மாற்றலாம். 36,000 ரூபாயை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் 36 மாதத் தவணையாக்கினால் மாதம் சுமார் 1,250 ரூபாய் வரும், வட்டிக்கு ஜி.எஸ்.டி. தனி. உதவித்தொகையைத் தொடாமல் அதைக் கட்ட முடிந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

வெளியில வட்டிக்கு வாங்கி இதை அடைச்சுட்டா நிம்மதிதானே?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் 10 சதவீதம், கார்டைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கார்டுக்காரர் இரவு 7 மணிக்கு மேல் பேசினால் புகார் கொடுக்கலாம். மீட்டர் வட்டிக்காரர் எந்த நேரத்தில் வருவார் என்று கணக்கே கிடையாது. கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் நம் ஊரில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மகளிர் குழுவில் வீட்டுக்காரம்மா பெயரில் எடுத்து அடைப்பதும் அதே தப்புதான். உங்கள் ஒருவர் கடனைப் பத்துப் பெண்கள் தலையில் வைக்கிறீர்கள்.

மஞ்சக் கடுதாசி கொடுத்துடலாமா?

மதுரை மாதிரி ஊர்களுக்கு 1920-ஆம் வருட நொடிப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. சிவில் கோர்ட்டில் மனுப் போடலாம். ஒரு கார்டுக்காக அந்த அளவு போவது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நாலைந்து இடத்தில் கடன், வழக்குகளும் வந்துவிட்டன என்றால் இலவச வக்கீலிடம் கேளுங்கள்.

கார்டு என் பேர்ல இருக்கு, ஆனா தேய்ச்சது எங்கண்ணன்.

இதைச் சொல்லும்போது பலர் அழுதுவிடுகிறார்கள். பார்வையில்லாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் பெயரில் வீட்டுக்காரர்களே கார்டு வாங்கிப் பயன்படுத்துவது நடக்கிறது. நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தால் வங்கி உங்களைத்தான் கேட்கும். உங்களுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால் அது மோசடி. வங்கிக்கும் போலீஸுக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அண்ணன் மேல் புகார் கொடுக்க மனசு வராது, எனக்குப் புரிகிறது. குறைந்தபட்சம் அவரை வைத்துக்கொண்டே வங்கிக்குப் போய், தவணையை அவர் கணக்கிலிருந்து போகும்படி செய்யுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கார்டு உங்கள் பெயரில் மட்டும் என்றால் உங்கள் மனைவியோ பிள்ளையோ கட்டக் கடமைப்பட்டவர்கள் இல்லை. நீங்கள் விட்டுச் சென்ற சொத்து ஏதாவது இருந்தால், அந்த அளவுக்குத்தான் அவர்களைக் கேட்க முடியும்.

விபத்துல காலு போறதுக்கு முன்னாடி வாங்கின கடன் இது.

அப்படியென்றால் பாஸ்புக்கைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. விபத்தில் ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ போனால் 1 லட்சம், இரண்டும் போனால் 2 லட்சம். பிடித்ததே தெரியாமல் இருப்பவர்கள் நிறைய. விபத்து நடந்ததும் சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். தாமதமாகியிருந்தாலும் எழுதிப் பாருங்கள். கார்டோடு 'கடன் பாதுகாப்பு' என்று காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று ஸ்டேட்மென்ட்டிலும் பாருங்கள்.

சில நாள் உயிரோட இருக்கவே பிடிக்கலை, அக்கா.

அந்த நேரத்தில் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பக்கத்தில் இருப்பவரிடம் கடனின் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் என் சித்தியிடம் 38,000 என்று சொன்ன அன்றுதான் சரியாகச் சாப்பிட்டேன். எந்தக் கார்டுக்காரருக்கும் உங்கள் உயிர் மேல் பாத்தியதை இல்லை.

உங்ககிட்ட வரும்போது என்னென்ன கொண்டு வரணும்?

அடையாள அட்டை, ஆதார், உதவித்தொகை ஏறும் பாஸ்புக் (அன்றைய தேதி வரை என்ட்ரி போட்டு), கடைசி ஆறு மாதக் கார்டு ஸ்டேட்மென்ட், வந்த நோட்டீஸ் எல்லாம், பிரிக்காத கவராக இருந்தாலும் சரி. மிரட்டிப் பேசிய பதிவு போனில் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். திங்கட்கிழமை கூட்டமாக இருக்கும். கார்டு விஷயம் என்றால் செவ்வாய் அல்லது புதன் காலையில் வாங்க, நிதானமாக உட்கார்ந்து எழுதலாம்.